நியூயார்க்கில் சின்னதாக ஒரு கல்யாணம், நல்லதாக நாலு போட்டோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இரண்டு பேரும் ஒரு சாட்சியுமாகப் போய் மன்ஹாட்டனில் கல்யாணம் செய்துகொண்டு வந்தோம். அதற்கப்புறம் நான்கு ஜோடிகளுக்குச் சாட்சிக் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆபீஸில், வாட்ஸாப்பில், பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது என்று யாராவது ஒருவர் காதோரம் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே. கட்டணங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவரை, மாறலாம், போகும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

"எலோப்மென்ட்னா ஓடிப்போறதுதானே? வீட்டுக்குத் தெரியாம பண்றதா?"

பழைய பொருள் அதுதான். நம் ஊரில் "ஓடிப்போயிட்டாங்க" என்றால் அடுத்த காட்சியே மாலையும் கழுத்துமாகப் போலீஸ் ஸ்டேஷனில் தஞ்சம். இங்கே அந்தச் சொல் இப்போது வேறு மாதிரி புழங்குகிறது. மண்டபம் இல்லை, பத்திரிகை இல்லை, பந்தி இல்லை. இரண்டு பேர், ஒரு சாட்சி, மிஞ்சினால் நாலைந்து நண்பர்கள், ஒரு போட்டோகிராபர். வீட்டில் சொல்லிவிட்டும் செய்யலாம், சொல்லாமலும் செய்யலாம். நான் சாட்சி போட்ட நான்கில் மூன்று ஜோடிகளின் வீட்டுக்கு விஷயம் தெரியும், ஊர்க் கல்யாணம் ஆறேழு மாதம் கழித்து நடந்தது.

ஆனால் "இது சும்மா பேப்பருக்குத்தானே" என்று போகிறவர்கள்தான் போட்டோவைக் கோட்டை விடுகிறார்கள். ஆபீஸ் போகிற சட்டையில் போய், வாசலில் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, மத்தியானம் மீட்டிங்குக்குத் திரும்பிவிட்டு, ஒரு வருடம் கழித்து வருத்தப்படுகிறார்கள். அன்றைக்கு அங்கே இல்லாத அத்தனை பேருக்கும் அந்த நாள் என்பது அந்தப் படங்கள் மட்டும்தான். அதனால்தான் இந்தப் பக்கத்தில் பாதி போட்டோ பற்றியே இருக்கும்.

"சிட்டி ஹால்ல தானே நடக்கும்? அந்த வெள்ளைக் கட்டடம்?"

இல்லை. எல்லோரும் "சிட்டி ஹால் கல்யாணம்" என்றுதான் சொல்கிறோம், நடப்பது சிட்டி கிளார்க் அலுவலகத்தின் திருமணப் பிரிவில், 141 வொர்த் ஸ்ட்ரீட். 2009 ஜனவரி முதல் அங்கேதான். சிட்டி ஹால் பொடிநடையாகப் போகிற தூரத்தில் இருக்கிறது, அங்கே போய் நின்றால் காவலர் தலையாட்டிவிட்டு வழி காட்டுவார். வேடிக்கை என்னவென்றால், வொர்த் ஸ்ட்ரீட் அலுவலகத்துக்குள்ளேயே சிட்டி ஹாலின் பெரிய படம் ஒன்றைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருக்கிறார்கள், அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். சிரிப்பாக இருந்தாலும் ஒன்று எடுத்து வையுங்கள், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

"நாங்க சிட்டிசன் இல்ல, நியூயார்க்லயும் இல்ல. பரவாயில்லையா?"

பரவாயில்லை. குடியுரிமையும் வேண்டாம், நியூயார்க் முகவரியும் வேண்டாம். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும், செல்லுபடியாகும் பாஸ்போர்ட் போன்ற அடையாளம் வேண்டும், முன்பு விவாகரத்து ஆகியிருந்தால் அது முழுமையாக முடிந்திருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்துகொள்வது 2011 ஜூலையிலிருந்தே இங்கே சட்டப்படி உண்டு, தயங்கவே வேண்டாம். விசா சம்பந்தப்பட்ட கேள்வியை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதை வக்கீலிடம் கேட்டுவிட்டு, அதுவும் கல்யாணத்துக்கு முன்னால் கேட்டுவிட்டு, தேதி குறியுங்கள்.

"காலையில லைசென்ஸ், மத்தியானம் கல்யாணம், முடியுமா?"

முடியாது. திருமண லைசென்ஸ் கையில் வந்த நேரத்திலிருந்து முழுசாக 24 மணி நேரம் கழிய வேண்டும். செவ்வாய் பிற்பகல் 2 மணிக்கு வாங்கினால் புதன் 2 மணிக்குப் பிறகுதான். நீதிபதியிடம் விலக்கு வாங்க வழி இருக்கிறது, ஆனால் நல்ல நாளில் ஒருத்தர் கோர்ட் வாசலில் நிற்பானேன். லைசென்ஸ் 60 நாள் செல்லும், ஆகவே முந்தைய வாரமே வாங்கி வைத்துவிடுங்கள். லைசென்ஸ், கல்யாணம் இரண்டுக்கும் ஆன்லைனில் முன்கூட்டியே நேரம் எடுக்க வேண்டும். வேலை நாட்களில் மட்டும், காலை எட்டரைக்குத் திறந்து மூன்றே முக்காலுக்கு மூடிவிடுவார்கள்.

லைசென்ஸ் படிவத்தில் ஒரு கண்ணி உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு என்ன குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று அங்கேயே கேட்பார்கள். இனிஷியலோடு வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வியே ஒரு தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே பலருக்கு அன்றுதான் தெரியவரும். வீட்டிலேயே உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள். கவுன்ட்டரில் நின்றுகொண்டு பேசினால் அதுதான் முதல் சண்டை.

"மொத்தம் எவ்வளவு ஆகும்?"

லைசென்ஸ் 35 டாலர், சடங்குக்கு 25 டாலர். ஆக 60 டாலரில் கல்யாணம் முடிந்தது. கிரெடிட் கார்டு அல்லது மணி ஆர்டர் கொண்டுபோங்கள். மற்ற செலவெல்லாம் உங்கள் ஆசையைப் பொறுத்தது: உடை, பூ, டாக்ஸி, சாப்பாடு. பெரிய தொகை போவது போட்டோகிராபருக்குத்தான், மணிக்குச் சில நூறு டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டப அட்வான்ஸை நினைத்தால் அது ஒன்றுமே இல்லை என்று நான் என் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் அதை ஏற்கவில்லை.

"சாட்சிக்கு ஆளே இல்ல. என்ன பண்றது?"

18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர், அடையாள அட்டையோடு வந்தால் போதும். எங்கள் சாட்சி, என் கணவருடைய ரூம்மேட், பர்ஸை ஜெர்சி சிட்டி வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டான். அவன் நியூஜெர்சி போகும் பாத் (PATH) ரயிலில் திரும்பி ஓட, நாங்கள் கையில் சீட்டோடு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் போட்டோகிராபர்தான் தன் டிரைவிங் லைசென்ஸைக் காட்டிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் தெரிந்தது, இங்கே இது சர்வ சாதாரணம். ஆகவே போட்டோகிராபரிடம் முதல் பேச்சிலேயே கேட்டு வைத்துவிடுங்கள், அவரே உங்கள் மாற்றுச் சாட்சி.

"உள்ள என்னதான் நடக்கும்? எவ்வளவு நேரம்?"

வாசலில் ஏர்போர்ட் மாதிரி பை ஸ்கேன் செய்யும் எந்திரம். உள்ளே டோக்கன், பலகையில் எண் ஓடும், நம் ஊர் பேங்க் மாதிரிதான். ஆனால் இவ்வளவு அழகான பேங்க் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் பக்கத்து இருக்கையில் ஒரு மெக்ஸிகோ குடும்பம், மூன்று தலைமுறை, பாட்டி மடியில் ரோஜாக் கொத்து. எதிரே தலை முதல் கால் வரை கறுப்பு லெதரில் ஒரு ஜோடி, மணப்பெண் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். எண் கூப்பிட்டதும் மொத்தக் கூடமும் கை தட்டியது.

சடங்கு என்று பார்த்தால் இரண்டு நிமிடம்கூட இல்லை. சின்ன அறை, அலுவலர் நின்றபடி நாலு வரி படிப்பார், சம்மதமா என்று இருவரையும் கேட்பார், மோதிரம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், முடிந்தது. காத்திருப்பதுதான் நேரம். சில நாள் இருபது நிமிடம், சில நாள் ஒன்றரை மணி. இதை வீணான நேரம் என்று நினைக்காதீர்கள். எங்கள் படங்களில் எனக்குப் பிடித்த பத்தில் ஆறு அந்தக் கூடத்தில் காத்திருந்தபோது எடுத்தவை. போட்டோகிராபரைச் சடங்கு நேரத்துக்கு வரச் சொல்லாமல் வரிசைக்கே வரச் சொல்லுங்கள்.

"தாலி கட்டிக்கலாமா? விளக்கு ஏத்தலாமா?"

விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் நடக்காது, அரசாங்கக் கட்டடம். மாலை மாற்றலாம், மோதிரம் மாற்றுகிற இடத்தில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று அலுவலரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை கேளுங்கள். எங்களுக்கு ஒத்துக்கொண்டார், மூன்று முடிச்சும் முடியும்வரை பொறுமையாக நின்றார், "இன்னும் எத்தனை?" என்று மட்டும் கேட்டார். மறுத்தால் வெளியே தூண்களுக்கு நடுவில் கட்டிக்கொள்ளுங்கள், படம் இன்னும் நன்றாக வரும்.

மல்லிகைச் சரம் நியூஜெர்சியில் எடிசன் பக்கம் ஓக் ட்ரீ ரோடு கடைகளில் கிடைக்கும். முந்தின நாள் சாயங்காலம் வாங்கி, ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மொட்டாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

"சனிக்கிழமை நல்ல முகூர்த்தம் இருக்கே?"

இருக்கலாம், ஆபீஸ் மூடியிருக்கும். திங்கள் முதல் வெள்ளிக்குள்தான் பார்க்க வேண்டும். ராகு காலம் பார்க்கிறவர்களுக்கு ஒன்று: காலண்டரில் இருக்கும் "திங்கள் ஏழரை முதல் ஒன்பது" கணக்கு, சூரியன் ஆறு மணிக்கு உதிக்கும் என்று வைத்துப் போட்டது. நியூயார்க்கில் ஜூனில் ஐந்தரைக்கு முன்னாலேயே விடிந்துவிடும், டிசம்பர் கடைசியில் ஏழேகாலுக்குத்தான் விடியும். ஊர் காலண்டரை அப்படியே இங்கே போட்டுப் பார்த்துச் சண்டை போடாதீர்கள்.

"எந்த மாசம், எந்த நேரம் வெளிச்சம் நல்லா இருக்கும்?"

முக்கியமான கேள்வி, யாரும் முதலில் கேட்பதில்லை. ஜூனில் சூரியன் மறைய எட்டரை ஆகும். காலை பதினொன்றுக்குக் கல்யாணம் முடித்து உடனே வெளியே போய் நின்றால் உச்சி வெயில், கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல், பட்டு ஜரிகை கண்ணாடி மாதிரி கூசும். டிசம்பரில் நாலரைக்கே மறைந்துவிடும், அதனால் இரண்டு மணிக்குச் சடங்கு என்றால் வெளியே வரும்போது தெரு முழுக்கச் சாய்வெயில் மஞ்சளாக விழுந்திருக்கும். குளிரைத் தாங்குவீர்கள் என்றால் நவம்பர், டிசம்பர் பிற்பகல்தான் என் ஓட்டு. அக்டோபர் இரண்டுக்கும் நடுவாந்திரம், எல்லோருக்கும் அது தெரியும் என்பதால் முன்பதிவு கிடைப்பது கஷ்டம்.

கோடையில்தான் செய்தாக வேண்டும் என்றால் நாளை இரண்டாக உடைத்துவிடுங்கள். காலையில் கல்யாணம், உள்ளே எடுக்கிற படங்கள், சாப்பாடு, வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம், மறுபடி ஏழு மணிக்குப் பாலம். போட்டோகிராபருக்கு இரண்டு தடவை வர வேண்டியிருப்பதால் கூடக் கேட்பார், கொடுக்கலாம்.

"போட்டோகிராபர் அவசியமா? என் பிரெண்ட் சூப்பரா எடுப்பான்."

எடுப்பான். ஆனால் அவன் அன்றைக்குச் சாட்சியாகவும், பை தூக்குகிறவனாகவும், ஊரிலிருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால் பிடித்துக் காட்டுகிறவனாகவும் இருப்பான். மூன்று வேலைக்கு நடுவில் கேமரா நாலாவது. இரண்டு மணி நேரத்துக்காவது ஆள் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எதில் வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆளைப் பார்க்கும்போது அவருடைய பத்து அழகான படங்களைப் பார்க்காதீர்கள். ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தைக் கேளுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில், கூட்டத்தில், மழையில் என்ன செய்திருக்கிறார் என்று அதில்தான் தெரியும். நம் நிறத்தை வெளுக்காமல், ஆரஞ்சாக்காமல் எடுத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். எனக்கு முதலில் கிடைத்த ஒருவரின் படங்களில் எல்லோரும் மாவு பூசினது போல இருந்தார்கள், விட்டுவிட்டேன்.

"எங்கெங்க போய் எடுக்கலாம்? லிஸ்ட் குடுங்க."

லிஸ்ட்தான் ஆபத்து. டைம்ஸ் ஸ்கொயர், சென்ட்ரல் பார்க், புரூக்ளின் கரையில் டம்போ, கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் என்று எட்டு இடம் எழுதிக்கொண்டு வந்த ஒரு ஜோடி, நாளில் பாதியை டாக்ஸிக்குள் கழித்தார்கள். இடங்கள் எல்லாம் வந்தன, முகங்களில் களைப்பு மட்டும். இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று. நடுவில் நடக்கிற நேரத்தை அப்படியே விட்டுவிடுங்கள், நல்ல படம் அங்கேதான் வருகிறது.

நான் சொல்கிற வழி இது. வொர்த் ஸ்ட்ரீட்டிலிருந்து வெளியே வந்தால் எதிர்ப்புறமே ஃபோலி ஸ்கொயர், 60 சென்டர் ஸ்ட்ரீட் நீதிமன்றத்தின் அகலமான படிகளும் பெரிய தூண்களும். சாம்பல் நிறக் கல்லுக்கு முன்னால் அரக்குப் பட்டு எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து தெற்கே சில நிமிடம் நடந்தால் முனிசிபல் கட்டடம், அதன் அடியில் ஓடு வேய்ந்த வளைவுக் கூரையோடு ஒரு நடை, வெயிலும் படாது மழையும் படாது. அதைத் தாண்டினால் புரூக்ளின் பாலத்தின் நடைபாதை தொடங்குகிறது. 1883-இல் திறந்த பாலம், கார்களுக்கு மேலே மரப்பலகைப் பாதை. 2021-இல் சைக்கிளுக்குக் கீழே தனித் தடம் போட்டார்கள், 2024 தொடக்கத்தில் கடைகளையும் எடுத்துவிட்டார்கள், இப்போது நிற்க இடம் இருக்கிறது. முழுப் பாலமும் கடக்க வேண்டாம், முதல் கல் கோபுரம் வரை போய்த் திரும்பினால் போதும். ஒன்றே ஒன்று, ஊசிக் குதிகால் செருப்பு பலகை இடுக்கில் மாட்டும்.

டம்போவில் வாஷிங்டன் ஸ்ட்ரீட்டில் மன்ஹாட்டன் பாலம் தெரியும் அந்தப் புகழ்பெற்ற காட்சி வேண்டும் என்றால் காலை ஏழு மணிக்குப் போங்கள். மத்தியானம் போனால் உங்கள் பின்னால் இன்னும் நாற்பது பேர் அதே படத்தை எடுத்துக்கொண்டிருப்பார்கள். காசில்லாமல் ஒரு நல்ல இடம் சொல்லட்டுமா? ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி. டிக்கெட் கிடையாது, ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம், ஒரு பக்கம் சுதந்திர தேவி சிலை, பின்னால் மொத்த நகரமும்.

"பெர்மிட் வேணுமா? போலீஸ் பிடிப்பாங்களா?"

தெருவிலும் நடைபாதையிலும் கையில் கேமராவோடு, ஏன், முக்காலியோடும்கூட, யார் வழியையும் மறிக்காமல் எடுத்தால் பொதுவாக அனுமதி வேண்டாம். சப்வேயில் கேமரா சரி. முக்காலி, லைட், ரிஃப்ளெக்டர் கூடாது. கிராண்ட் சென்ட்ரல், பொது நூலகத்தின் உள்பகுதி, உலக வர்த்தக மையத்து ஆகுலஸ் ரயில் நிலையம் போன்ற இடங்களுக்குத் தனித்தனி விதி, காவலர் வந்து "போதும்" என்றால் போதும். நூலகத்தின் வெளியே சிங்கச் சிலைகளுக்குப் பக்கத்தில் படியில் நின்றால் பிரச்சினை இல்லை.

"ஆபீஸே வேண்டாம், சென்ட்ரல் பார்க்லயே கல்யாணம் பண்ணிக்கலாமா?"

பண்ணிக்கலாம். 20 பேருக்குக் குறைவாக, நாற்காலி, பந்தல் எதுவும் போடாமல் ஒரு மரத்தடியில் நின்று செய்துகொண்டால் அனுமதி தேவையில்லை. கூட்டம் அதைத் தாண்டினால், அல்லது அந்த இடம் உங்களுக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்றால், பூங்காத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். கன்சர்வேட்டரி கார்டனுக்குத் தனிக் கட்டணம்.

லைசென்ஸும் 24 மணி நேரமும் மேலே சொன்னபடிதான். நடத்தி வைப்பவர் மட்டும் நகரத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். 2023 மார்ச்சிலிருந்து ஒரு நாள் அனுமதி என்று ஒன்று வந்திருக்கிறது, 25 டாலர் கட்டினால் உங்கள் நண்பரோ அக்காவோ நடத்தி வைக்கலாம். தமிழில் நாலு வரி சொல்லிக் கல்யாணம் முடிக்க ஆசையென்றால் இதுதான் வழி.

"பட்டுப்புடவையா, வெள்ளை கவுனா?"

எது உங்களுடையதோ அது. வெள்ளை கவுன் அந்தக் கூடத்தில் இருபது பேர் போட்டிருப்பார்கள், புடவை நீங்கள் ஒருவர்தான். ஆனால் பாலத்தில் காற்று சும்மா விடாது. தோளில் இரண்டு ஊக்கு, கொசுவத்தில் ஒன்று, உள்பாவாடைக்குக் கீழே குளிர்காலமானால் தெர்மல் காலுறை. கோட்டைப் போட்டுக்கொண்டே நடங்கள், மூன்று நிமிடம் கழற்றுங்கள், படம், மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். வேட்டி கட்டுகிறவர் ஒட்டிக்கோ வேட்டியே கட்டட்டும், வீரமெல்லாம் ஊரில் காட்டிக்கொள்ளலாம்.

"மழை வந்துடுச்சுன்னா?"

தேதியை மாற்றாதீர்கள். கண்ணாடி மாதிரி ஊடே தெரிகிற பிளாஸ்டிக் குடை இரண்டு வாங்கிப் பையில் வையுங்கள், கறுப்புக் குடை முகத்தை இருட்டாக்கும். முன்னே சொன்ன முனிசிபல் கட்டட வளைவுக்குக் கீழே நில்லுங்கள். ஈரத் தெருவில் மஞ்சள் டாக்ஸி விளக்குகள் எல்லாம் தலைகீழாகத் தெரியும், அதற்காகவே மழைக்கு ஏங்குகிற போட்டோகிராபர்கள் இருக்கிறார்கள்.

"அம்மா அப்பா வீடியோல பாக்கணும். எத்தனை மணிக்கு வைக்கலாம்?"

கோடையில் ஊர் நேரம் ஒன்பதரை மணி முன்னால், குளிர்காலத்தில் பத்தரை. இங்கே காலை பத்து என்றால் அங்கே இரவு ஏழரை அல்லது எட்டரை, சரியாக இருக்கும். பிற்பகல் இரண்டு என்றால் அங்கே நள்ளிரவு. டிசம்பர் பிற்பகல் வெளிச்சம் அழகு என்று மேலே நான் சொன்னது இங்கே இடிக்கிறது, தெரியும். எங்கள் வீட்டில் அப்பா தூங்கிவிட்டார், அம்மா விழித்திருந்தாள்.

"இந்த சர்டிபிகேட் இந்தியாவுல செல்லுமா?"

முடித்த அன்றே கையில் தருவது சுருக்கமான சான்றிதழ். ஊரில் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்க்க, மற்ற வேலைகளுக்கு அப்போஸ்டில் கேட்பார்கள், அதாவது ஆவணம் அசல்தான் என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசுச் சான்று. அதற்கு விரிவான சான்றிதழ் என்று தனியாக வாங்கி, கவுன்டி கிளார்க்கிடம் முத்திரை வாங்கி, அப்புறம் மாநில அலுவலகத்தில் அப்போஸ்டில் வாங்க வேண்டும். கவுன்டி கிளார்க் முத்திரைக்கு 3 டாலர், அப்போஸ்டிலுக்கு 10. கவுன்டி கிளார்க் இருப்பது நீங்கள் படம் எடுத்துக்கொண்ட அதே 60 சென்டர் ஸ்ட்ரீட் படிகளுக்கு மேலேதான். இரண்டு பிரதியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் கோவில் கல்யாணம் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் அங்கே இன்னொரு தடவை பதிவு செய்யப் போனால் இரண்டு கல்யாணத் தேதி வந்து, ஒவ்வொரு படிவத்திலும் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

"முடிஞ்சதும் எங்க சாப்பிடறது?"

நட்சத்திர ஓட்டல் எல்லாம் உங்கள் இஷ்டம். நாங்கள் 7 நம்பர் ரயில் பிடித்து ஃப்ளஷிங் போனோம். 1977-இல் கும்பாபிஷேகம் ஆன பிள்ளையார் கோவில், கீழே கேன்டீன். சாமி கும்பிட்டுவிட்டு மாலையோடு போய் உட்கார்ந்தோம், பேப்பர் ரோஸ்ட், ஃபில்டர் காபி. பக்கத்து மேஜை மாமி எழுந்து வந்து விபூதி வைத்துவிட்டுப் போனாள். அந்தப் படமும் இருக்கிறது.

"போட்டோ எப்போ வரும்? எத்தனை கேக்கலாம்?"

சில வாரங்கள் ஆகும். ஊருக்கு அனுப்ப அன்றிரவே ஐந்து படம் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எங்களுக்கு முந்நூறு படம் வந்தது. ஒன்றில் நான் வானத்தைப் பார்க்கிறேன், ஒன்றில் இவர் டாக்ஸியைப் பார்க்கிறார், பாதியில் இருவரும் சிரித்துக்கொண்டே எங்கோ போகிறோம். எனக்கு அத்தனையும் பிடித்திருந்தது. மாமியார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "முகம் தெரியற மாதிரி நேரா நிக்கற படம் ஒண்ணு இல்லையாம்மா?" என்றார்.

இருந்தது. பர்ஸை எடுக்க ஓடிப்போய் மூச்சிரைக்கத் திரும்பி வந்த அந்த ரூம்மேட், அந்த சிட்டி ஹால் சுவர்ப்படத்துக்கு முன்னால் எங்களை நிறுத்தி போனில் எடுத்தது, கொஞ்சம் சாய்ந்திருக்கும். தஞ்சாவூர் வீட்டுக் கூடத்தில் இப்போது மாட்டியிருப்பது அதுதான். வருகிறவர்களிடம் எல்லாம் அந்தக் கட்டடத்தில்தான் கல்யாணம் நடந்தது என்று மாமியார் சொல்கிறார், நாங்களும் திருத்தவில்லை.